வீட்டுக் கல்வியும் திரைவழிக் கல்வியும்

கல்வி என்னுஞ் சொல் "கல்" என்னும் அடியிற் பிறந்தது. கல்லுதல் என்பதற்குத் தோண்டுதல் என்னும் பொருளும் உண்டு. உள்ளே புதைந்து கிடக்கும் ஆற்றலைத் தோண்டி வெளிக்கொணர்வதே கல்வி என இவ்விரு பொருளையும் இயைத்துக் கூறுவாரும் உளர். தோண்டுதற்குரிய நிலம் குழந்தையின் உள்ளமாயின், தோண்டுபவர் யாவர்? ஆசிரியரா, பெற்றோரா, அன்றிக் குழந்தை தானேயா? இவ்வினா பழையது, எனினும் இக்காலத்தில் அது புதிய வடிவங்கொண்டு எழுந்துள்ளது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பிக்கும் வழக்கம் மேனாடுகள் பலவற்றிற் பரவியிருக்கின்றது. அதனினும் ஒருபடி மேற்சென்று, பாடத்திட்டமும் நேரசூசியும் பரீட்சையும் இன்றிக் குழந்தையைத் தன் விருப்பின் வழியே கற்கவிடும் வழக்கமும் அங்கு உண்டு. முன்னையது "ஹோம்ஸ்கூலிங்" எனவும் பின்னையது "அன்ஸ்கூலிங்" எனவும் வழங்கும். ஈண்டு முன்னையதை வீட்டுக் கல்வி எனவும், பின்னையதைத் தன்வழிக் கற்றல் எனவும் குறித்தல் பொருந்தும். இவ்விரண்டுடனும் தொலைக்காட்சி, கணினி, கைத்தொலைபேசி ஆகியவற்றின் திரையும் வந்து சேர்ந்தமையால், இனி ஆசிரியர் என ஒருவர் வேண்டுமோ என்னும் ஐயமும் தோன்றியுள்ளது. அவ்வையத்தைத் தெளிதற்கு வரலாறும் ஆராய்ச்சியும் எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லாப் பிள்ளைகளும் பாடசாலைக்குச் செல்லல் வேண்டும் என்னும் கொள்கை மனித வரலாற்றில் மிகப் பிந்தியது. பிரசியாவின் மன்னன் இரண்டாம் பிரெடெரிக் 1763ஆம் ஆண்டிற் பிறப்பித்த கல்விக் கட்டளை அக்கொள்கைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மசாசுசெற்ஸ் மாநிலம் 1852இற் கட்டாய வரவுச் சட்டத்தை இயற்றியது. கடைசியாக மிசிசிப்பி மாநிலம் 1918இல் அதனைப் பின்பற்றியது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டம் நாடெங்கும் பாடசாலைகள் நிறுவ வழிசெய்ய, 1880ஆம் ஆண்டுச் சட்டம் வரவைக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முன்னர்க் குருவின் இல்லத்திலும் திண்ணைப் பள்ளியிலும் கற்றோர் ஒரு சிலர். செல்வர் மனைகளில் ஆசிரியரை அமர்த்திக் கற்றோர் வேறு சிலர். ஏனையோர் தத்தம் பெற்றோரின் தொழிலைப் பார்த்துப் பழகினர். எனவே, வீடு கல்விக்கு ஒவ்வாத இடம் என்பது வரலாற்றுக்கு முரணான கூற்றாகும். ஆயின், அக்காலத்து வீட்டுக் கல்வி எத்தகையது என்பதைச் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும்.

வீட்டுக் கல்விக்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் காட்டப்படுபவர் ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்ருவேட் மில் (1806–1873). அவர் சிறுவயதிற் பாடசாலையிற் கற்றவரல்லர். தந்தையார் ஜேம்ஸ் மில் அவருக்கு மூன்றாம் வயதிற் கிரேக்க மொழியையும் எட்டாம் வயதில் இலத்தீன் மொழியையும் கற்பிக்கத் தொடங்கினார். அந்நாளில் தந்தையார் பிரித்தானிய இந்தியாவின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதிய மேசையிலேயே மகனும் அமர்ந்து கிரேக்கப் பாடத்தை ஆயத்தஞ் செய்வான். கிரேக்கச் சொற்களுக்கு ஆங்கிலத்திற் பொருள்கூறும் அகராதி அக்காலத்தில் இருந்திலது. இருந்த அகராதிகள் இலத்தீனிற் பொருள் கூறின. சிறுவனோ இலத்தீனை இன்னும் தொடங்காதவன். ஆதலால் அறியாத சொல் வருந்தோறும் தந்தையையே அவன் வினாவுவான். பொறுமையில் மிகக் குறைந்தவரான தந்தையார், இவ்விடையீட்டைப் பொறுத்துக்கொண்டே பல தொகுதிகளையுடைய தம் நூலை எழுதினார் என மில் தமது சுயசரிதையிற் குறித்துள்ளார். மில்லின் புலமையைப் புகழ்வோர் மூன்று வயதையும் கிரேக்கத்தையும் நினைவிற் கொள்வர். அம்மேசையின் மறுபுறத்தில் எழுதுகோலை நிறுத்தி விடைகூறிய தந்தையை மறந்துவிடுவர்.

அக்கல்வியின் மறுபக்கத்தையும் மில் மறைத்தாரில்லை. ஏனைச் சிறுவரோடு பழகவிடாது தந்தையார் அவரைத் தடுத்து வளர்த்தார். பகுத்து ஆராயும் ஆற்றல் வளர்ந்த அளவுக்கு உணர்ச்சி வளரவில்லை. 1826ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், வாழ்வில் எதனிலும் விருப்பம் அற்றதொரு பெருஞ்சோர்வு அவரைப் பற்றிற்று. பின்னர் வேர்ட்ஸ்வேர்த்தின் கவிதைகளை வாசித்தமை அவருக்கு மருந்தாயிற்று. கற்பிக்கும் ஒருவர் அருகில் இருத்தல் இன்றியமையாதது; அவ்வொருவர் மட்டுமே இருத்தல் போதாது. இவ்விரண்டு உண்மைகளையும் மில்லின் வாழ்க்கை ஒருங்கே உணர்த்துகின்றது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பாடசாலைகள் பெருகி நிலைத்த பின்னரே, அவற்றுக்கு எதிரான குரலும் எழுந்தது. வியன்னாவிற் பிறந்து மெக்சிக்கோவிற் பணியாற்றிய இவான் இலிச் 1971இல் வெளியிட்ட நூலில், சமுதாயத்தைப் பாடசாலையின் பிடியினின்றும் விடுவித்தல் வேண்டும் என வாதித்தார். கற்பித்தலைக் கற்றல் எனவும், சான்றிதழைத் திறமை எனவும் மயங்கும் மனப்பான்மையைப் பாடசாலை வளர்க்கின்றது என்பது அவர் கொள்கை. அமெரிக்க ஆசிரியரான ஜோன் ஹோல்ற் (1923–1985) வகுப்பறையில் நின்றே இம்முடிபை நோக்கி நகர்ந்தவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூர்ந்து நோக்கிய அவர், பிள்ளைகள் பொருளை விளங்கிக்கொள்ள முயல்வதிலும் ஆசிரியர் விரும்பும் விடையைக் கண்டுபிடிக்கவே பெரிதும் முயல்கின்றனர் எனக் கண்டார். அச்சமே அதற்குக் காரணம் என 1964இல் எழுதிய நூலில் விளக்கினார். முதலிற் பாடசாலையைத் திருத்த முயன்ற அவர், பின்னர் அதிலே நம்பிக்கை இழந்து, 1977இல் வீட்டுக் கல்வியாளர்க்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். "அன்ஸ்கூலிங்" என்னுஞ் சொல்லை வழக்கிற் கொணர்ந்தவரும் அவரே. மிக இளம் வயதிற் பாடசாலைக்கு அனுப்புதல் தீது எனக் கூறிய றேமண்ட் மூர், டொறதி மூர் தம்பதியரின் நூல் 1975இல் வெளிவந்தது. சமயப்பற்றுடைய பெற்றோர் பலரும் 1980களில் இவ்வழியை மேற்கொண்டனர்.

இதன் பயனாக, 1993ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்துக்கு உடன்பட்டதாயிற்று. அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பின்படி 1999இல் ஏறத்தாழ 850,000 பிள்ளைகள் வீட்டிற் கற்றனர். 2016இல் அத்தொகை ஏறத்தாழ 17 இலட்சமாயிற்று. எல்லா நாடுகளும் இதனை ஒருதன்மையாக நோக்கவில்லை. இங்கிலாந்தின் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குக் கல்வியளித்தல் பெற்றோர் கடன் என விதித்து, அக்கடனைப் பாடசாலை வாயிலாகவோ வேறு வகையாகவோ நிறைவேற்ற இடமளித்தது. "வேறு வகையாகவோ" என்னும் அச்சிறு தொடரே அந்நாட்டில் வீட்டுக் கல்விக்கு அடிப்படையாயிற்று. 1996ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது நிலைத்தது. ஜேர்மனி வீட்டுக் கல்வியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனை எதிர்த்த பெற்றோரின் முறைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. சுவீடன் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனை மிக அரிய சந்தர்ப்பங்களுக்கு மட்டும் உரியதாக்கிற்று. பிரான்சில் முன்னர் அறிவித்தல் மட்டும் போதியதாயிருந்தது. 2022ஆம் ஆண்டிலிருந்து அனுமதி பெறல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் கட்டாயக் கல்விக்குரிய வயதெல்லை 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. பெற்றோரின் உரிமை, பிள்ளையின் உரிமை, சமுதாயத்தின் நலம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வகையாக நிறுத்துப் பார்க்கின்றது என்பதே இவ்வேறுபாடுகளின் பொருள்.

இனி, தன்வழிக் கற்றலின் கொள்கையை ஆராய்தல் தகும். குழந்தை நடக்கவும் பேசவும் பாடத்திட்டம் இன்றியே கற்கின்றது. அந்த இயல்பான வேட்கையைக் கெடாது காப்பின், வாசிப்பும் எண்ணும் பிறவும் தேவை தோன்றும்போது தாமே வந்து சேரும் என்பது அக்கொள்கை. அது முற்றும் பிழையன்று. ஆயினும் பேச்சைக் கற்கும் குழந்தை தனியே கற்பதில்லை. அதன் மழலைக்கு மறுமொழி கூறும் தாயும், பிழையைத் திருத்தும் பாட்டியும், கதை கூறும் தாத்தாவும் அதைச் சூழ்ந்துள்ளனர். பாடத்திட்டம் இல்லை என்பது உண்மை. ஆசிரியர் இல்லை என்பது உண்மையன்று.

இதற்குச் சான்றாக இரண்டு ஆய்வுகளைக் காட்டலாம். கனடாவில் நிகழ்ந்து 2011இல் வெளியான ஆய்வொன்று 5 முதல் 10 வயது வரையான பிள்ளைகள் 74 பேரைப் பரிசோதித்தது. அவருள் 37 பேர் பாடசாலையிற் கற்றோர். 37 பேர் வீட்டிற் கற்றோர். வீட்டிற் கற்றோருள் ஒழுங்கான திட்டத்தோடு கற்பிக்கப்பட்ட 25 பேர் பாடசாலைப் பிள்ளைகளினும் மேம்பட்டு விளங்கினர். திட்டமெதுவுமின்றிக் கற்ற 12 பேரோ மூன்று கூட்டத்தாருள்ளும் குறைந்த புள்ளிகளையே பெற்றனர். தொகை சிறிதாதலின் இம்முடிபை எங்கும் பொதுவாக்குதல் கூடாது. எனினும் வீடு என்னும் இடம் ஒன்றே பயனை விளைப்பதன்று என்பது இதனாற் புலனாகும். மற்றையது, பீற்றர் கிரே, ஜீனா றைலி என்பார் தன்வழிக் கற்று வளர்ந்த 75 பேரை வினாவி 2015இல் வெளியிட்ட ஆய்வு. அவருட் பெரும்பாலோர் தம் கல்வியைக் குறித்து மகிழ்வு தெரிவித்தனர். உயர்கல்வி பெற்றோரும் பலர். தாமே முன்வந்து விடையளித்தோர் ஆதலின், துன்புற்றோர் பலர் இக்கணக்கில் வாராதிருத்தல் கூடும். ஆயினும் மனக்குறை தெரிவித்த மூவரின் நிலை கருதத்தக்கது. அவர்கள் சீர்குலைந்த குடும்பங்களில், பிறரோடு பழக வழியின்றித் தனிமையில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இல்லாதிருந்தவை நூல்களுமல்ல, ஓய்வுமல்ல. கருத்தோடு தம்மை நோக்கிய மனிதரே.

மனிதர் இல்லாத அவ்விடத்தைத் திரை நிரப்புமா என்பதே அடுத்த வினா. குழந்தைப் பருவத்தைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான விடையொன்றை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பற்றீசியா கூல் குழுவினர் 2003இல் வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கும் வாய்ப்பை அவர்கள் 12 அமர்வுகளில் அளித்தனர். ஒரு கூட்டத்துக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் இருந்து விளையாடியும் புத்தகம் வாசித்தும் பேசினர். வேறு குழந்தைகளுக்கு அதே மனிதரின் அதே பேச்சு திரையிலோ ஒலிப்பதிவிலோ வழங்கப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் சீன மொழியின் நுண்ணிய ஒலி வேறுபாடுகளை உணரக் கற்றன. திரையிற் கண்டவையும் ஒலிப்பதிவிற் கேட்டவையும் யாதும் கற்றில. குரல் ஒன்று, சொல் ஒன்று, கால அளவும் ஒன்று. விளைவு மட்டும் வேறு.

ஆயின், குற்றம் கண்ணாடித் திரையில் உள்ளதோ? அன்று என்பதை 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்தபோது, முன்னரே பதிவுசெய்த காட்சியினால் அவை கற்கவில்லை. அத்திரையின் வழியே ஒருவர் அந்நேரத்திற் குழந்தையோடு உரையாடி, அதன் சொல்லுக்கும் செயலுக்கும் ஏற்ப மறுமொழி கூறியபோது, நேரிற் கற்றது போலவே அவை கற்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இற் பதினெட்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என அறிவுறுத்தியபோதும், உறவினரோடு முகம்பார்த்து உரையாடுதலை அதற்கு விலக்காக வைத்தது. கடல்கடந்து வாழும் பேரப்பிள்ளையோடு கைத்தொலைபேசியிற் பேசும் பாட்டி, திரையிலே தோன்றினும் திரையாகிவிடுவதில்லை.

வயது ஏறத் திரையின் பயனும் ஏறுகின்றது என்பதை மறுத்தல் நடுவுநிலையாகாது. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய "செசமி ஸ்ரீற்" என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் நோக்குடன் கல்வியாளரின் துணைகொண்டு அமைக்கப்பட்டது. அந்நிகழ்ச்சி நன்கு தெரிந்த பிரதேசங்களில் வளர்ந்த பிள்ளைகள் உரிய வயதில் உரிய வகுப்பை எய்துவதில் முன்னின்றனர் என 2019இல் வெளியான பொருளியலாளர் ஆய்வு கண்டது. இந்தியாவிற் சுகதா மித்ரா 1999ஆம் ஆண்டிற் புதுதில்லியின் கல்காஜி என்னும் பகுதியில், குடிசைவாழ் சிறுவர் அணுகத்தக்க வகையிற் சுவரொன்றிற் கணினியைப் பதித்துவைத்தார். கற்பிப்பார் இன்றியே சிறுவர் ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து அதனை இயக்கக் கற்றனர்.

அவருடைய ஆய்வுகளுள் தமிழர்க்கு அணுக்கமானது காளிக்குப்பத்தில் நிகழ்ந்தது. அச்சிற்றூரின் பிள்ளைகளுக்கு, ஆங்கிலத்தில் அமைந்த மூலக்கூற்று உயிரியற் பாடம் கணினியில் வழங்கப்பட்டது. ஆசிரியர் எவருமிலர். தாமாகவே கூடிக் கற்ற அப்பிள்ளைகள் உள்ளூர் அரசினர் பாடசாலை மாணவர் பெற்ற புள்ளிகளுக்கு ஒப்பான புள்ளிகளைப் பெற்றனர். அதன்பின், உயிரியல் அறியாத உள்ளூரவர் ஒருவர் அவர்களுக்குத் துணையாக அமர்த்தப்பட்டார். அவர் பாடம் கற்பிக்க வல்லவரல்லர். பிள்ளைகள் செய்வதை அருகிருந்து பார்த்து, வியந்து, வினாவி, ஊக்குவித்தார். ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளிடம் நடந்துகொள்ளும் முறை அது. அப்போது அவர்களின் புள்ளிகள் புதுதில்லியின் தனியார் பாடசாலை மாணவரின் புள்ளிகளோடு சமமாயின என 2010இல் வெளியான அவ்வாய்வு கூறுகின்றது. கணினி மாறவில்லை, பாடமும் மாறவில்லை, அருகில் ஒருவர் வந்து அமர்ந்தார் என்பதே வேறுபாடு. அவ்வாறு பேணுவாரின்றிக் கைவிடப்பட்ட சுவர்க்கணினிகளும் உண்டு எனப் பிற ஆய்வாளர் எழுதியிருப்பதும் இதனோடு சேர்த்துக் கருதற்பாலது.

தன்வழிக் கற்றலை மேற்கொண்ட பெற்றோரிடையே திரையைப் பற்றிப் பெரும் விவாதம் உண்டு. பிள்ளையின் விருப்பத்தை மதிப்பதாயின், திரைக்கு மட்டும் எல்லை வகுத்தல் முரணன்றோ என ஒரு சாரார் வினாவுவர். இவ்வினாவில் ஒரு வழு உண்டு. மரமேறும் சிறுவன் களைத்தவுடன் இறங்கிவிடுவான். மரம் அவனைப் பிடித்து வைப்பதில்லை. தச்சன் பட்டறையும் தோட்டமும் நூலும் அத்தகையன. இன்றைய திரையின் இயல்பு வேறு. ஒரு காட்சி முடியுமுன் மறு காட்சி தானே தொடங்குகின்றது. தள்ளத் தள்ள முடிவின்றி நீள்கின்றது. பார்க்கும் நேரம் நீள நீள விளம்பர வருவாய் பெருகும் நிறுவனங்கள் அதனை அவ்வாறு அமைத்துள்ளன. ஆங்கே தெரிவு செய்வது பிள்ளையா, பிள்ளையைப் பற்றியிருக்கும் பொறியா என்பது ஐயம். பிள்ளையின் சுதந்திரத்தைக் காக்க விரும்புவோர் அச்சுதந்திரத்தை வேட்டையாடும் பொருளுக்கு எல்லை இடுதல் முரணாகாது. உலக சுகாதார தாபனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், இரண்டு வயதுக்குட்பட்டோர்க்குத் திரை ஏற்றதன்று எனவும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படல் ஆகாது எனவும் கூறப்பட்டது. மணிக்கணக்கையே பலர் நினைவிற் கொள்வர். குழந்தை அமர்ந்திருக்கும் நேரத்திற் பெரியவர் ஒருவர் கதை கூறுதலும் நூல் வாசித்துக் காட்டுதலும் நன்று என அதே வழிகாட்டி கூறுவதை நினைவிற் கொள்வோர் சிலரே.

இவையாவும் அறிஞரின் ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாமல் உலகமே உணரும் வாய்ப்பு 2020இல் நேர்ந்தது. கொவிட்-19 தொற்றினால் அவ்வாண்டு ஏப்ரில் அளவில் ஏறத்தாழ 160 கோடி மாணவரின் கல்வி நிலையங்கள் மூடப்பட்டன. அமெரிக்காவிற் பாடசாலை வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் வீட்டுக் கல்வியை மேற்கொண்டவை அவ்வாண்டின் வசந்தகாலத்தில் நூற்றுக்கு 5.4 ஆகவும், இலையுதிர்காலத்தில் 11.1 ஆகவும் இருந்தன. இலங்கையில் மலைப்புறச் சிற்றூர்களின் பிள்ளைகள் சிலர் இணையத் தொடர்பு கிட்டும் இடந்தேடிப் பாறைகளிலும் மரங்களிலும் ஏறினர். இக்குறை இல்லாத நாட்டிலும் நிகழ்ந்தது யாது? நெதர்லாந்தில் இணைய வசதி ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் உண்டு. பாடசாலைகள் எட்டு வாரமே மூடப்பட்டிருந்தன. ஆயினும் மூடுவதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்த பரீட்சைகளை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வு, பிள்ளைகள் வீட்டிலிருந்த காலத்திற் கற்றது சிறிது அல்லது ஒன்றுமில்லை எனக் கண்டது. கல்வியிற் குறைந்த பெற்றோரின் பிள்ளைகள் அடைந்த இழப்பு ஏனையோரினும் நூற்றுக்கு 60 வரை மிகுந்திருந்தது. அவசரத்தில் நேர்ந்த அந்த ஏற்பாட்டை, விரும்பி மேற்கொள்ளும் வீட்டுக் கல்வியோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது என்பது உண்மையே. ஆயின் திரை ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றாகவே இருந்தது. அருகில் அமர்ந்து விடைகூறும் மனிதரே ஒரு வீட்டில் இருந்தனர், மறு வீட்டில் இல்லை.

பாடசாலையின் இன்றியமையாமை ஈண்டே விளங்கும். ஜேம்ஸ் மில் போன்ற தந்தை எல்லாப் பிள்ளைகட்கும் வாய்ப்பதில்லை. விடியுமுன் தொழிலுக்குச் செல்லும் தாய்க்கும், கற்க வாய்ப்பின்றி வளர்ந்த தந்தைக்கும் மேசையின் மறுபுறம் அமர நேரமும் வலியும் இல்லை. அவர்கள் பிள்ளைகளின் வினாவுக்கு மறுமொழி கூறுதற்கென்று சமுதாயம் அமர்த்திய மனிதரே ஆசிரியர். அதற்கென்று அமைத்த மனையே பாடசாலை. வீட்டில் உண்ணவும் உறங்கவும் இடரின்றி இருக்கின்றனரா என்பதை நாள்தோறும் நோக்கும் கண்களும் அங்கேதான் உள்ளன. இவ்விரு பணிகளையும் திரை செய்யமாட்டாது.

அதேவேளையில், ஹோல்ற் கூறிய குறை பாடசாலையை விட்டு நீங்கிற்று எனல் ஆகாது. நாற்பது பிள்ளைகள் நிரைநிரையாக இருந்து கரும்பலகையை மட்டும் நோக்கி, வினாவ அஞ்சி, விடையை மனனஞ் செய்யும் வகுப்பறையில் ஆசிரியரும் பதிவுசெய்யப்பட்ட திரைக்காட்சி போன்றே ஆகிவிடுகின்றார். அத்தகைய வகுப்பிலிருந்து பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சென்று கைத்தொலைபேசியின் முன் இருத்துதல் ஒரு திரையினின்று மற்றொரு திரைக்கு மாற்றுதலேயாம். பாடசாலையோ வீடோ, ஏடோ திரையோ, எதனைத் தெரிந்தாலும் கேட்கவேண்டிய வினா ஒன்றே: பிள்ளை ஐயுற்று முகம் நிமிர்த்தும்போது அதற்கு மறுமொழி கூற அருகில் இருப்பவர் யார்? அவ்வினாவுக்கு விடை உள்ள இடத்திற் கல்வி வளரும். விடை இல்லாத இடத்தில் எத்துணைச் சிறந்த கருவியும் பயன்படாது என்பது துணிபு.